பேச்சுவார்த்தை இல்லாத ஸ்கேல்

வித்வான் அவர்களுக்கு,

சாப்பாடு மேஜைமேல் மூடி வைத்திருக்கிறேன். மதியம் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர் வருவார். நான் கூப்பிடவில்லை, கீழ்வீட்டு அக்காதான் வரச் சொல்லியிருக்கிறார். "உங்க பியானோ ரொம்ப நாளா கெட்டுக் கிடக்கே, பாவம்" என்று மாடிப்படியில் நிறுத்திச் சொன்னார். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் பேச்சுவார்த்தையே இல்லாத அந்த ஸ்கேலை என் வீட்டுக்காரர் வேண்டுமென்றேதான் பழகுகிறார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வருகிறவரிடம் அதை வாசித்துக் காட்டாதீர்கள். மனுஷன் பியானோவையே கழற்றிப் போட்டுவிடுவார்.

நேற்று "உனக்கெல்லாம் காதே கிடையாது" என்று கத்தினீர்களே, ஞாபகம் இருக்கிறது.

பின்குறிப்பு: அந்த ஸ்கேலில் இறங்கி வரும்போது மூன்றாவதாகக் கறுப்புக் கட்டை வர வேண்டும். தினமும் பக்கத்து வெள்ளையை அமுக்குகிறீர்கள். காதில்லாதவள் சொல்கிறேன்.