குகையில் விட்ட பல்

என் தங்கத்துக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? அம்மாவின் இருமல் நின்றதா?

சின்னவள் போனில், "இது எங்கப்பா இல்ல, யாரோ பேசுறாங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாளே, அதற்காக அவளைத் திட்டாதே. போன வாரம் கடையிலிருந்து, தோண்டுகிறார்களே அந்தக் குகைக்கு, விளக்கும் கயிறும் விற்கக் கொண்டுபோன இடத்தில் வழுக்கி விழுந்து முன்பல் போய்விட்டது. அதனால்தான் பேச்சு குழறுகிறது. வேறு அடி இல்லை, பயப்படாதே. அந்தக் குகைக்கு நான் இலவசமாகக் கொடுத்த ஒரே சரக்கு அந்தப் பல்தான்.

தேடியும் கிடைக்கவில்லை. அங்கே ஆதிமனிதர் எலும்புகளைத் தோண்டும் ஆய்வாளர் அம்மா சிரித்தார்.

"விடுங்கண்ணே. இங்க ஏற்கெனவே ரெண்டு வகை மனுஷங்க பல்லு கிடைச்சிருக்கு. உங்களுது மூணாவதா இருக்கட்டும்."

பிறகு அங்கே தோண்டி எடுத்த ஓர் ஆதிகாலப் பெண்ணின் பல்லைக் காட்டினார். சிறுவயதில் குடித்த தண்ணீரின் அடையாளம் பல்லில் கடைசிவரை இருக்குமாம்.

"இவ வளர்ந்தது ரொம்பத் தூரத்துல. இங்க வந்து செத்திருக்கா."

"ஊருக்குத் திரும்பவே இல்லையாம்மா?"

"திரும்பியிருந்தா இங்க ஏண்ணே கிடக்கப் போறா?"

அடுத்து அனுப்ப வேண்டிய சரக்கைப் பற்றியும் அவரிடம் பேச நினைத்திருந்தேன். அதைக் கேட்காமலே கடைக்குத் திரும்பிவிட்டேன்.

சின்னவள் பேசுவதைப் பதிவு செய்து அனுப்பு, என்ன பேசினாலும் சரி. அடுத்த மாதம் பல் கட்டிக்கொள்கிறேன். அதுவரை அவளிடம் போனைக் கொடுக்காதே. இன்னொரு தரம் அவள் அப்படிச் சொன்னால் என்னால் தாங்க முடியாது.

கடைக்கு ஆள் வந்துவிட்டது.

இப்படிக்கு,
சின்னவளின் அப்பாதான்