சுவாமி சொல்லச் சொல்ல எடுத்த சத்தியம்

இஞ்சாருங்கோ,

மாதா துணையால் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி?

ஞாயிறன்று பங்கு மண்டபத்தில் பங்குத்தந்தையான சுவாமி, சங்கத்துச் செபமாலை அண்ணை, மருமகள் அனோஜினி, உங்கள் தங்கை எமிலியா எல்லோரும் இருந்தார்கள். மொன்றியல் முதியோர் சங்கத்துக்கு நான் தலைவியாகச் சத்தியம் எடுத்த நாள் அது.

சத்தியம் எழுதிய தாளோடு நான் எழுந்தபோது எமிலியா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "மூண்டாம் வகுப்புக்காரி இதை எப்ப வாசிச்சு முடிக்கிறது?"

சிலர் சிரித்தார்கள்.

"மாமி, அமெரிக்க ஜனாதிபதியே வாசிக்கிறதில்லை. நீதியரசர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லுறார். டிவியில பாத்தனாங்கள்தானே?" என்றாள் அனோஜினி என்னிடம்.

சுவாமி ஒவ்வொரு வரியாகச் சொன்னார். நான் ஒரு சொல்லும் பிசகவில்லை. இப்போதும் முழுவதும் ஒப்புவிப்பேன். சுவாமிக்கும் அனோஜினிக்கும் சாகும்வரை நன்றியுள்ளவள்.

அமெரிக்காவில் ஜனாதிபதியின் துணைதான் வேதாகமத்தைப் பிடிப்பது வழக்கமாம். நீங்கள் மன்னாரில் இருப்பதால் மருமகள் பிடித்தாள். உங்கள் பழைய வேதாகமத்தை இங்கே வருகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது.

மெற்றோ ரயிலுக்கு நேரமாகிறது. சிரித்தவர்களை மன்னித்துவிட்டேன். சுவாமியே கேட்டும் நான் மன்னிக்காத ஒருத்தி, உங்கள் தங்கை எமிலியா.