துறைத் தலைவரின் வழுக்கை

மே 10, சனி
மலையேறிகளுக்கான புதிய கையேடு வந்துவிட்டது. நாற்பத்தொன்றாம் பக்கம். 1998-இல் இந்தப் பள்ளத்தாக்கில் நான் முதலில் ஏறி, கயிறு மாட்டப் பாறையில் போல்ட் அடித்து, பெயரும் வைத்த தடம்: ‘துறைத் தலைவரின் வழுக்கை’. அப்போதைய எங்கள் துறைத் தலைவரின் தலையைப் போலவே வழவழத்த பாறை. பெயரை விட்டுவைத்திருக்கிறான். கடின எண்ணை 5.8-இலிருந்து 5.7-ஆகக் குறைத்துவிட்டான். எட்டு என்றால் ஏறினவனுக்கு ஒரு மரியாதை. ஏழு என்றால் பிறந்தநாளுக்குக் குழந்தைகளைக் கூட்டிவந்து ஏற்றுவார்கள். என் பெயர் அச்சில் இருப்பது உலகத்திலேயே அந்த ஒரு பக்கத்தில்தான்.

கையேட்டை எழுதியவன் லைல். அன்று கீழே நின்று எனக்குக் கயிறு பிடித்த அதே லைல். என்னிடம் சொல்லாமல் வேறொருவனோடு யோசெமிட்டிப் பாறைகளில் ஏறப் போனவன். பதினோரு வருடமாகப் பேச்சில்லை.

மே 11
ஏழாமே, ஏழு.

மே 17
பாறையடியில் நல்ல கூட்டம், நான்கு நாய்கள். மேவிஸ் கயிறு பிடித்தாள். அஞ்சலகத்தில் வேலை, யாருக்கும் பயப்படாதவள். நான்காம் போல்டுக்குக் கீழே, அந்த வழவழப்பில், மூன்று முறை விழுந்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் விழுந்ததே இல்லை.

“பாத்தியா? எட்டு.”

“வாத்தியாரே, சுலபமா ஏறினா ஏழும்பாங்க. விழுந்தா உங்களுக்கு வயசாயிடுச்சும்பாங்க. எப்படியும் நீங்க அவுட்டு.”

பிறகு அவள் ஏறினாள். நான் விழுந்த இடத்தில் இடது கையை விளிம்புக்குப் பின்னால் விட்டாள். மாடிப்படி ஏறுவதுபோல் போய்விட்டாள். “உள்ள தபால்பெட்டி வாய் மாதிரி ஒரு பிடி இருக்கு” என்று மேலிருந்து குரல்.

இருபத்தேழு வருடமாக எனக்குத் தெரியாத பிடி. அதைப் பிடித்தால் ஏழுதான். யாரிடமும் சொல்லாதே என்றேன். “அடுத்தவங்க கடுதாசியை நான் பிரிக்கிறதில்ல” என்றாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மே 20
லைலுக்கு மின்னஞ்சல்: “நீ ஏறிப் பார்த்துத்தான் எண் போட்டாயா?”
பதில்: “இல்லை, பலபேர் சொன்னார்கள். ஜூன் 7 வருகிறேன். கயிறு பிடி.”

ஜூன் 7
வந்தான். இளைத்திருக்கிறான். அதே நான்காம் போல்ட், அதே வழவழப்பு. கால் தையல் மெஷின் மாதிரி ஆடியது.

“கயிறை இறுக்குடா ராஸ். பிடி ஏதாவது தெரியுதா?”

“அந்தாள் தலையில ஏதுடா பிடி?”

நான்கு முறை விழுந்தான். ஒரு முறை அவன் இடது கை அந்த விளிம்புக்கு இரண்டு அங்குலம் வரை போனது. நான் வாயைத் திறக்கவில்லை. மேவிஸ் நாயைத் தடவிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

இறங்கி வந்து, “எட்டுதான். திருத்தம் போட்டுடறேன்” என்றான். முடிச்சை அவிழ்க்க நேரமெடுத்தான். “போன வருஷம் தோள்ல ஆபரேஷன். இதுவே முடியலைன்னா ஏறறதையே விட்டுடறதுன்னு இருந்தேன். கயிறு புதுசு. உனக்கு வேணுமா?”

வேண்டாம் என்றேன்.

ஜூன் 8
எட்டு.

ஜூன் 10
எட்டு எட்டு எட்டு. நன்றாகத்தான் இருக்கிறது. கயிற்றை மேவிஸுக்குக் கொடுக்கப் போகிறானாம். குடுக்கட்டுமே, எனக்கென்ன? யோசெமிட்டிக்கு நானா போகச் சொன்னேன்? — தோள் சரியாயிட்ட மாதிரிதானே ஏறினான். பிடி தெரியாமத்தானே விழுந்தான்.

ஜூன் 12
போன் செய்தேன். “இடது கை. விளிம்புக்குப் பின்னால விடு.”

“அன்னிக்கே தெரியுமா?”

“தெரியும்.”

வைத்துவிட்டான்.

ஜூன் 14
காலை ஏழு மணிக்கே பாறையடியில் நின்றுகொண்டிருந்தான். வணக்கம்கூடச் சொல்லவில்லை, கயிற்றின் ஒரு முனையை என்னிடம் நீட்டினான். விழாமல் ஏறினான். இறங்கியதும் முதல் வார்த்தை: “ஏழுகூட இல்லடா. ஆறு.”

மூன்று மணி நேரம் சண்டை. மேவிஸ் இரண்டு சாண்ட்விச் தின்று தூங்கியும் எழுந்துவிட்டாள். கடைசியில் ஏழுக்குச் சம்மதித்தான்.

பக்கத்துப் பாறையில் 1999-இல் அவன் போட்ட தடம் இருக்கிறது. ஒன்பது என்று போட்டு வைத்திருக்கிறான். அடுத்த சனி மூவரும் அங்கே. மேவிஸைத்தான் முதலில் ஏற்றப் போகிறேன்.