பப்படத்துக்கு நேர்ந்த வெடி

ஏப்ரல் 9

சாலைக் கடைத்தெருவில் விஷுப் பட்டாசு இறங்கிவிட்டது. கடைவாசலெல்லாம் சரம். வீட்டுக்கு வந்து பப்படத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியாமல் வாலாட்டுகிறது, நாய்.

ஏப்ரல் 11

பேத்தி ஆர்ஷா கழக்கூட்டம் ஊரிலிருந்து போனில். "ஆச்சி, பாத்ரூம்ல அடைச்சு வையுங்க. ஜன்னலுக்குக் கம்பளி. ரேடியோவைச் சத்தமா வைக்கணும். கழுத்துப்பட்டையில நம்பர் எழுதணும், மறக்காண்டாம்."

நான் மறப்பதா? போன விஷுவுக்கு முந்தின விஷு, சாயங்காலம் ஆறேகால். அடுத்த தெருக் கோமதியம்மாளின் பேரன் பிரஜின் கொளுத்திய சரத்துக்குப் பயந்து, அப்போது நான் வளர்த்த நாய் வெள்ளையன் ஓடினான். லாரி அடித்துவிட்டது. அவள் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பேச்சை நிறுத்தினேன், அவள் பாயசத்தை நிறுத்தினாள். ஆவணிப் பூராடம் அவள் பிறந்தநாள். இரண்டு ஆவணியாகப் பாயசம் என் வாசலைத் தாண்டிப் போகிறது.

ஏப்ரல் 13, சாயங்காலம்

பப்படம் ஓடிப்போச்சு.

தண்ணீர் வைக்கப் பாத்ரூம் கதவைத் திறந்தேன். அந்நேரம் பார்த்து முதல் சரம். காலுக்கிடையில் புகுந்து போய்விட்டது. வாசல் கேட்டைச் சாத்தாதது யார்? நான்தான். எல்லாம் நினைவிருக்கிற எனக்கு அது நினைவில்லை.

போனைக்கூட எடுக்காமல் ஓடினேன். கூப்பிட்டால் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. கோயில் முன்னால் நின்று, "அம்மா, அது வரட்டும், பதினொரு வெடி வழிபாடு போடுதேன்" என்று நேர்ந்துவிட்டேன். காசு கட்டினால் பேரை வாசித்துக் கோயிலிலேயே வெடி போடுவார்கள். ரேடியோ இன்னும் அலறுகிறது. திரும்பப் போய்த் தேடவேண்டும்.

ஏப்ரல் 14, விஷு

நேற்று கேட்டைத் திறந்தால் எதிரே கோமதியம்மாள்.

"எக்கா, நம்பர் எழுதினா போதுமா, போனை எடுக்காண்டாமா? எட்டுத் தடவை விளிச்சேன். எங்க பாத்ரூம்ல, வாளிக்குப் பின்னால கெடக்கு. சத்தம் அடங்காம வெளிய எடுக்காதிய."

ஈரத்தரையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். "வெள்ளையனுக்கப்புறம் எங்க வீட்ல சரம் வாங்குறதில்ல" என்றாள்.

எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 16

வெடிக்குப் பயந்து ஓடிய நாய்க்கு வெடி நேர்ந்திருக்கிறேன்! ஆர்ஷா சிரிக்கிறாள். "பாயசமா மாத்துங்க, ஆச்சி." அம்மனிடம் சொன்னதை மாற்றுவதா?

ஏப்ரல் 19

காலையில் பப்படத்தைக் கோமதியம்மாள் வீட்டில் விட்டேன். குழாயைத் திறந்து, ரேடியோவைப் போட்டு, அதோடு பாத்ரூமில் உட்கார்ந்துகொண்டாள்.

கோயில் கவுண்டரில் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்கள். நாய்க்கு ஏது நட்சத்திரம்? சொன்னேன். மைக்கில் ஊரே கேட்க வாசித்தார்கள்: "கோமதி, பூராடம், வெடி வழிபாடு பதினொண்ணு!"

பதினொன்றும் முடிந்தபிறகு போனேன். பப்படம் அவள் மடியில் தலைவைத்துக் கிடந்தது.

"ரேடியோவையும் மீறிக் கேட்டுது, எக்கா" என்றாள்.

வெடியா, பேரா - நான் கேட்கவில்லை.