பாதி வசனம்

ஜனவரி 9, வியாழன்

ஹரோவில் புது பூட்ஸ் வாங்கினேன். காலைக் கடிக்கிறது. திருப்பிக் கொடுக்கப் பஞ்சி, சோம்பல்தான்.

விஜயரத்தினம் மாஸ்டர் போன் எடுத்தார். சனிக்கிழமை எப்பிங் காட்டு நடைக்கு நான்தான் கடைசி ஆளாம். முன்னுக்கு மாஸ்டர், பின்னுக்கு நான், நடுவில் பத்துப் பேர். ஒருவரையும் எனக்குப் பின்னால் விடக்கூடாது, அவ்வளவுதான் வேலை. எங்கள் நடைக்குழுவில் அறுபத்தொரு வயதான நானே குமரி என்பதால் இந்தப் பதவி. மஞ்சள் ஜாக்கெட்டும் விசிலும் கிடைக்கும். பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்கவேணும்.

ஜனவரி 11, சனி

இன்றைக்கு எழுத மாட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

எங்கள் குழுவில் குலசேகரம் அண்ணைக்கு எழுபத்தாறு. விழுந்து கிடக்கிற மரத்தைக் கண்டால் போதும், குனிந்து காளானைப் படம் எடுக்கத் தொடங்கிவிடுவார். காளான் அண்ணை என்று பேர் வைத்ததே நான்தான். நேற்றுக் காலையில் அவருக்காக நின்று நின்று சிரித்தேன். மத்தியானத்துக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. உறைபனி, விரல் எல்லாம் விறைத்துவிட்டது. முன்னால் சுசிலா தன் சம்பந்தி வீட்டுச் சண்டையைச் சொல்லிக்கொண்டு போகிறாள், எனக்குப் பாதிதான் கேட்கிறது.

பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் அண்ணை சொன்னார்: "நில்லும் பிள்ளை, வாறன்." சொல்லிவிட்டுப் பற்றைக்குப் பின்னால் போனார். எதற்கு என்று விளங்கியது. வயது போன மனுசன், ஐந்து நிமிடம் செல்லும்.

நான் ஒரு நிமிடம் நின்றிருப்பேனா? அதுவும் இல்லை. பிடித்துவிடுவார்தானே என்று இடப்பக்கம் நடந்தேன். எந்தப் பக்கம் போகிறோம் என்றுகூட அவருக்குச் சொல்லவில்லை.

தேநீர்க் கடையில் மாஸ்டர் எண்ணினார். பதினொரு பேர். எல்லோரும் என் மஞ்சள் ஜாக்கெட்டைப் பார்த்தார்கள். அப்போது என் வாய் சொன்னது: "வாறன் எண்டவர். மகன் வீட்டை போறாராக்கும் எண்டு நினைச்சன்."

ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? எங்கட சனம் புறப்படும்போதும் வாறன் என்றுதானே சொல்கிறது. போறன் என்றால் திரும்பி வராத மாதிரி. அவருடைய மகன் தர்சிகன் பக்கத்தில் லௌட்டனில் இருக்கிறான். மாஸ்டர் சிரித்துக்கொண்டே அவனுக்குப் போன் எடுத்தார். அப்பா வரவில்லை என்றான். அதோடு சிரிப்பு நின்றது.

நாலரைக்கு, இருட்டுப் பட, நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் அவரைக் கூட்டிவந்தாள். ஒரு கால் முழங்கால்வரை சேறு. உதடு நீலம். பாதை தவறி ஒரு மரக்குற்றியில் இருந்தாராம். போனுக்குச் சிக்னல் இல்லை.

அவர் வாய் திறக்க முதல் நான் ஓடிப்போய், எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: "நீங்கள் வாறன் எண்டு சொன்னபடியால்தானே அண்ணை!"

என்னைப் பார்த்தார். பிறகு, "ஓம், சொன்னனான்தான்" என்றார்.

ஜனவரி 15, புதன்

சுகம் விசாரிக்கப் போன் எடுத்தேன். மனைவி பாலாம்பிகை அக்கா எடுத்தா. இருமலும் காய்ச்சலுமாம். மனுசனுக்கு இப்போது எல்லாம் மாறாட்டம் என்றா. நீர் அவ்வளவு தூரம் பார்த்துக்கொண்டதே பெரிய காரியம் என்று எனக்கு நன்றி வேறு சொன்னா.

நன்றி! எனக்கு!

ஜனவரி 22, புதன்

தர்சிகன் அப்பாவின் கார்த் திறப்பை வாங்கி வைத்துவிட்டானாம், இனி ஓட்டக்கூடாதாம். இனி நடையும் இல்லை. ஞாபகமறதிச் சோதனைக்கு டொக்டரிடம் நாள் எடுத்திருக்கிறான். குழு வட்ஸ்அப்பில் ஆளுக்கொரு சாட்சி: அண்ணை கையுறையை ட்ரெயினில் விட்டவராம், போன மாதம் யாரோ ஒருவரின் பெயரை மாற்றிச் சொன்னவராம். யார்தான் கையுறையை விடவில்லை? நான் இரண்டு தரம் விட்டிருக்கிறேன்.

நானும் கும்பிடுகிற படம் ஒன்று போட்டேன். தூ.

ஜனவரி 26, ஞாயிறு

பார்க்கப் போனேன், தோடம்பழத்தோடு. யன்னலோரம் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தார். அக்கா குசினிக்குள் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லும். நான் நில்லும் எண்டு சொல்லேல்லையோ? சொன்ன மாதிரித்தான் கிடக்கு. ஆனா எல்லாரும் இல்லையெண்டினம். எனக்கே இப்ப என்னை நம்ப ஏலாமல் கிடக்கு."

கண்ணைப் பார்த்துக் கேட்டார். பயந்த கண். அவர் காட்டில் என்னைக் காப்பாற்றத்தான் "ஓம்" என்றார் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இல்லை. நான் சொன்னதை நம்பியிருக்கிறார்.

நான் என்ன சொன்னேன்? "தேத்தண்ணி ஆறுது அண்ணை, குடியுங்கோ."

சீ. என்ன மனுசி நான்? ஒரு சொல்லு. ஒரு சொல்லை விழுங்கினதுக்கு அந்த மனுசன் தன்ர புத்தியையே சந்தேகப்படுறார். நான் தோடம்பழம் கொண்டு போறன்.

ஜனவரி 28, செவ்வாய்

போனேன். தர்சிகனும் நின்றான். இருக்கச் சொன்னார்கள், தேநீர் தந்தார்கள். இருந்தால் சொல்ல மாட்டேன் என்று நின்றபடியே சொன்னேன்.

"அவர் நில்லும் எண்டுதான் சொன்னவர். நான் நிக்கேல்லை. குளிருக்குள்ள நிக்கப் பஞ்சிப்பட்டுப் போட்டன். பிறகு எல்லாருக்கும் பொய் சொன்னனான்."

அண்ணை இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினார். கோபம் என்று நினைத்தேன். கையை எடுத்தபோது கண் நனைந்திருந்தது, முகம் சிரித்தது. "கேட்டியே தம்பி? என்ர மண்டை சரி. சரியாத்தான் கிடக்கு" என்று மகனிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். என்னைத் திட்ட அவருக்கு நினைவே வரவில்லை. திட்டியிருக்கலாம்.

பாலாம்பிகை அக்கா நான் வாய் வைக்காத தேநீரை எடுத்துக்கொண்டுபோய் சிங்கில் ஊற்றினா. ஊற்றுகிற சத்தம் கேட்டது.

வட்ஸ்அப்பிலும் முழுவதையும் எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை.

பெப்ரவரி 2, ஞாயிறு

மாஸ்டர் வந்து ஜாக்கெட்டையும் விசிலையும் வாங்கிப்போனார். வாசலில் நின்றபடியே.

பெப்ரவரி 19, புதன்

அண்ணைக்குச் சோதனை நல்லபடி முடிந்ததாம். கார்த் திறப்பும் திரும்பக் கிடைத்துவிட்டது. சுசிலா சொன்னாள். இந்த மூன்று கிழமையில் அவளாவது போன் எடுத்தாளே.

மார்ச் 1, சனி

ருயிஸ்லிப் காடு. போவதில்லை என்று மூன்று தரம் முடிவெடுத்துவிட்டுப் போனேன். பன்னிரண்டு பேர். அண்ணையும் வந்திருந்தார். சுசிலாதான் இப்போது கடைசி ஆள். அவரோடு நின்று நின்று வந்தாள். நான் முன்னால் மாஸ்டருக்குப் பின்னே நடந்தேன்.

சாப்பிட இருந்தபோது அண்ணை ஒரு பெட்டியைத் திறந்தார். பாலாம்பிகை அக்கா எல்லோருக்கும் ரோல்ஸ் பொரித்துக் கொடுத்துவிட்டிருந்தா. பெட்டி கைமாறிக் கைமாறி வந்தது. கடைசியில் நானும் அவரும்தான் மிச்சம், பெட்டிக்குள் ஒன்றுதான் கிடந்தது. பன்னிரண்டு பேருக்குப் பதினொன்று. அக்கா ஆட்களை எண்ணித்தான் பொரிப்பா. அது எல்லோருக்கும் தெரியும்.

"எடும் பிள்ளை," என்றார்.

"அது உங்கட அண்ணை."

"எனக்குப் பொரிச்சது கூடாதாம், டொக்டர் சொன்னவர்."

கொஞ்சம் முன்னர்தான் சுசிலாவிடம் இரண்டு வடை வாங்கிச் சாப்பிட்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வாங்கிச் சாப்பிட்டேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அல்லது பார்க்காத மாதிரி இருந்தார்கள்.