ஒரு விரற்கடை கூட்டி

என் பிரியமுள்ள பிரகாசி அக்காவுக்கு,

நவம்பர் வரப்போகிறது. இறந்தவர்களை நினைக்கிற மாதம் என்பதால், இங்கே குவைத் அப்பாசியாவில் எங்கள் தமிழ் ஜெபக்கூட்டத்தில் ஒரு சின்ன நினைவு மலர் போடுகிறார்கள். உன் போட்டோ ஒன்றும் நாலு வரியும் கொடு என்றார்கள். போட்டோ கொடுத்துவிட்டேன். நாலு வரிதான் வரவில்லை. உன்னிடம் நான் எப்போது நாலு வரியில் பேசியிருக்கிறேன்? போன் கார்டு தீர்ந்து தானாகக் கட் ஆகிற வரைக்கும் பேசியே பழக்கம். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும். நான் உன்னிடம்தான் சொல்கிறேன்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அலுப்பாக இருக்கிறது அக்கா. உடம்பு அலுப்பென்றால் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடலாம், நர்சுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். டூட்டி முடிந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தால் ஷூவைக் கழற்றக்கூட மனசு வருவதில்லை. அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்துக் கட்டில் சூசம்மா சேச்சி வந்து லைட்டைப் போட்டுத் திட்டினால்தான் எழுந்திருக்கிறேன். நீ போனில் இருந்தவரை இந்த அலுப்பையெல்லாம் உன் தலையில் கொட்டிவிடுவேன். இப்போது யார் தலையில் கொட்ட?

உனக்குத் தெரியாததா, ஆனாலும் மலரைப் படிக்கிறவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ஆல்வினுடைய அப்பா மஞ்சள்காமாலையில் போனபோது பிள்ளைக்கு மூன்று வயது. குவைத்தில் சண்டை முடிந்து ஆஸ்பத்திரிகளுக்கு நர்சு எடுத்துக்கொண்டிருந்த சமயம். நான் விமானம் ஏறினேன். கல்யாணமே வேண்டாம் என்று இருந்த நீ, இடுப்பில் என் பிள்ளையோடு வாசலில் நின்றாய். பிள்ளையை விட்டுவிட்டு வந்தவள் அழுது எழுதுவாள் என்று எதிர்பார்க்கிறவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். ஒருத்தி சம்பாதிக்க வேண்டும், ஒருத்தி வளர்க்க வேண்டும். நாம் பங்கு போட்டுக்கொண்டோம். உன் பங்குதான் நல்ல பங்கு என்று நான் பொறாமைப்பட்டதுண்டு, அதை உன்னிடமே சொல்லிச் சண்டையும் போட்டிருக்கிறேன்.

கோடை லீவுக்கு நான் வருவதற்கு முன்னால் நீ ஒரு வேலை செய்வாயே, ஞாபகம் இருக்கிறதா? பழைய பேப்பரைத் தரையில் விரித்து, அதன்மேல் ஆல்வினை நிற்க வைத்து, அவன் காலைச் சுற்றிப் பேனாவால் வரைந்து, இங்கே திரும்பி வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவாய். நான் அதை வெட்டி எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போய், பேப்பரை ஷூவுக்குள் நுழைத்துப் பார்ப்பேன். கடைக்காரன் சிரிப்பான். போனில் நீ மறக்காமல் சொல்வாய்: "ஏட்டி ஜெசி, அளவுக்கே வாங்கிராத. நீ வந்து சேருததுக்குள்ள கால் வளந்திரும். ஒரு விரக்கட கூட்டி வாங்கு." நான் கூட்டித்தான் வாங்குவேன். வந்து பார்த்தால் சரியாக இருக்கும். சில வருஷம் அதுவும் பற்றாது.

அந்தப் பேப்பர்களையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். வைத்திருக்கவில்லை. ரூம் மாறுகிறபோதெல்லாம் குப்பையோடு குப்பையாகப் போய்விட்டது.

பிறகு அவன் நேவியில் சேர்ந்தான். நான் பயந்தேன், நீ பயப்படவில்லை. "கடல்ல போறதுக்கு மாசச் சம்பளம் தாரானாம்ளா! நம்ம ஆம்பளைக இத்தன வருசம் மீன்பிடிக்கச் சும்மால்லா போயிருக்கானுவ" என்று சிரித்தாய். யூனிபாரத்தில் எடுத்த போட்டோவை ஊரெல்லாம் காட்டினாய். அதற்கப்புறம் அவனுக்கு ஷூ அரசாங்கமே கொடுத்துவிட்டது. காலை வரைந்து அனுப்பவும் வேலை இல்லை, பெட்டியில் நான் அவனுக்கென்று வைத்துக்கொண்டு வரவும் ஒன்றுமில்லை.

இந்த வருஷம் தவக்காலத்தில் நீ போனாய். நான் வந்து சேர்ந்துவிட்டேன், உன் முகத்தைப் பார்த்தேன், நெற்றியைத் தொட்டேன். அவனால் வர முடியவில்லை. கப்பல் நடுக்கடலில். ஒரு வாரம் கழித்துக் கரையிலிருந்து போன் பண்ணினான். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. எப்போதும் நடுவில் நீ இருந்து, "இந்தா அம்மாட்ட பேசு", "ஏட்டி, பிள்ளை எதோ கேக்கான் பாரு" என்று போனை மாற்றிக் கொடுப்பாய். நீ எடுத்துக் கொடுக்காமல் எனக்கும் அவனுக்கும் பேச ஒரு விஷயம்கூட இல்லையா என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

கோடை வந்தது. ஜூலைக்கு லீவு போட்டுவிட்டு, "நீயும் அப்ப லீவு கேளு, சேந்து வீட்டுல இருப்போம்" என்று அவனிடம் சொன்னேன்.

"பெரியம்மா இல்லாத வீட்டுக்கு வந்து என்னம்மா செய்ய?" என்றான்.

"நான் இருப்பேன்லா" என்றேன்.

கோபப்பட்டுக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன் அக்கா. அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். அதுதான் இன்னும் உள்ளே கிடக்கிறது. பெற்றவள் என்று நான் ஒருத்தி இருப்பது அவனுக்கு ஒரு காரணமாகவே படவில்லையா? அந்த வீட்டில் நான் எப்போதும் விருந்தாளிதானா? இனி அவன் எங்கே போவான், நான் எங்கே போவேன்?

பிறகு ஒரு நாள், கப்பலை வேறு பக்கம் அனுப்புகிறார்கள், லீவு கிடைக்காது என்றான். நான் சரி என்றேன். போனை வைத்த பிறகு நினைத்தேன். கிடைக்கவில்லையா, அவன் கேட்கவே இல்லையா?

டிக்கெட் எடுத்தாயிற்று, நான் போனேன். விமானம் முழுக்கக் குடும்பங்கள். பிள்ளைகள் இங்கிலீஷில் சண்டை போட, அம்மாக்கள் தமிழிலும் மலையாளத்திலும் அதட்டிக்கொண்டிருந்தார்கள். திருவனந்தபுரத்தில் இறங்கி, கார் பிடித்து, ஊருக்குப் போய், பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்தேன். மோட்டார் ஓடவில்லை. தண்ணீர் இல்லை. பெட்டியை நடுவீட்டில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்டார்கள். "எப்ப வந்த?" அந்த மூச்சிலேயே, "எப்ப போற?" நீ ஒரு வருஷம்கூட என்னிடம் எப்போது போகிறாய் என்று கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். காற்று அணைத்துவிட்டது. மறுபடி ஏற்றினேன். மறுபடி அணைந்தது. சவத்த விடு, எரியாட்டி போகட்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நீயாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாய். லீவு முடிவதற்குள்ளேயே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு இங்கே திரும்பிவிட்டேன். வீட்டிலிருந்து இந்தக் கேம்பு ரூமுக்கு ஆசையாகத் திரும்புகிறவர்களும் உண்டு என்று கேட்டிருக்கிறேன், நம்பியதில்லை.

இப்போது சொல்கிறேன், உனக்கு எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

செப்டம்பரில் ஒரு நாள் ஆல்வின் போன் பண்ணினான். அவர்கள் கப்பல் குவைத் துறைமுகத்துக்கு மரியாதை விஜயமாக வருகிறதாம். மூன்று நாள் நிற்குமாம். இந்தியர்கள் எல்லாரும் போய்ப் பார்க்கலாம், பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட வருவார்களாம். நான் உடனே, "லீவு சொல்லிட்டு வாரேன், எந்த கேட்டுல நிக்கணும்?" என்றேன்.

"நீங்க வரவேண்டாம்மா. எங்களுக்கு ஒரு மத்தியானம் வெளிய விடுவாங்க. நான் வாரேன். நீங்க இருக்க இடத்தப் பாக்கணும்."

அக்கா, இத்தனை வருஷத்தில் அவன் என் ரூமைப் பார்த்ததே இல்லை. நீயும் பார்த்ததில்லை. அம்மா குவைத்தில் இருக்கிறாள் என்றால் அவனுக்கு அது ஒரு பெட்டி, ஒரு செண்ட் வாசனை, அவ்வளவுதான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கட்டில் விரிப்பை மாற்றினேன். திரைச்சீலையைத் துவைத்தேன். சூசம்மா சேச்சி தன் சாமான்களையெல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "மோன் வரும்போள் ஞான் அடுக்களையில் இருந்நோளாம்" என்று மகன் வரும் நேரத்துக்கு அடுப்படிக்கு ஒதுங்கிக்கொண்டாள். சுபைதி மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். இங்கே வாவல் மீனுக்கு அந்தப் பெயர்.

வெயிலில் சிவந்துபோய் வந்து நின்றான். சாதாரணச் சட்டைதான், ஆனால் நிற்பது மட்டும் யூனிபாரத்தில் நிற்கிற மாதிரி. உள்ளே வந்து சுற்றிப் பார்த்தான். பார்க்க என்ன இருக்கிறது? மூன்று கட்டில், மூன்று அலமாரி, ஜன்னலில் இரைகிற ஏசி.

"இதுதானாம்மா?" என்றான்.

"இதான்."

"இவ்வளவு வருசமும்?"

"முன்னால இருந்த ரூம் இதவிடச் சின்னது" என்றேன்.

சாப்பிட உட்கார்ந்தான். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "பெரியம்மா இன்னும் கொஞ்சம் புளி விடுவா" என்றான். எனக்குச் சுருக்கென்று வந்தது. நீ இருந்தபோதும் என்னை அடுப்படியில் விட்டதில்லை, போன பிறகுமா? ஆனால் சட்டியைக் காலி பண்ணிவிட்டுத்தான் எழுந்தான். அதையும் சொல்ல வேண்டும்.

கை கழுவிவிட்டு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தான். "ஜூலைல கேட்டிருந்தா லீவு கெடச்சிருக்கும்மா. நான் கேக்கல" என்றான்.

"தெரியும்" என்றேன்.

"பெரியம்மா அடக்கத்துக்கே வரல. இப்ப போய் அந்தக் கதவத் தொறக்க எனக்குப் பயமா இருந்திச்சி. நீங்க தனியா இருப்பீங்கன்னு நெனைக்கல. உங்களுக்குத் தனியா இருந்து பழக்கம்னு நெனச்சிட்டேன்."

பழக்கம்தான் அக்கா. யாராவது கேட்டால் நானும் அப்படித்தான் சொல்லுவேன். எனக்கு அழுகை வந்தது, அவன் முன்னால் அழக் கூச்சமாகவும் இருந்தது. எழுந்து தண்ணீர் எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தால், கட்டிலடியிலிருந்து என் டூட்டி ஷூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறான். வெள்ளை ஷூ. பக்கவாட்டில் நான் பிளேடால் கீறிவிட்டிருக்கிறேன்.

"இது ஏன்ம்மா வெட்டிருக்கு?"

"நின்னு நின்னு வீங்கிருதுல. இறுக்குது. வெட்டி விட்டா கொஞ்சம் காத்தோட்டமா இருக்கும்."

ஷூவைக் கீழே வைத்தான். "பேப்பர் இருக்கா? பேனா?"

சூசம்மாவின் மலையாளப் பேப்பர் கிடந்தது, கொடுத்தேன். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. அவன் அதைத் தரையில் விரித்து, என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"கால வைங்க."

"ஏல, என்னல செய்யுத?"

"சும்மா வைங்கம்மா. பெரியம்மா இப்படித்தான் பிடிப்பா."

கணுக்காலைப் பிடித்துப் பேப்பர்மேல் வைத்தான் அக்கா. நாள் முழுக்க யார் யாரையோ தொட்டுத் தூக்கிப் புரட்டுகிற உடம்பு இது. என்னை ஒருவர் தொட்டுப் பிடித்து எத்தனை காலம் ஆயிற்று என்று தெரியவில்லை. பேனா விரல்களுக்கு இடையில் போனபோது கூசிச் சிரித்துவிட்டேன். "ஆடாதீங்க, ஆடாதீங்க" என்று அதட்டினான். உன் குரலேதான். ஒரு கால் முடித்துவிட்டு, "வலது காலு பெருசா இருக்கு, ரெண்டையும் வரையணும்" என்று அடுத்ததையும் பிடித்தான்.

"ஒரு விரக்கட கூட்டித்தான் வாங்கணும்" என்றான்.

"எனக்கு இனி கால் வளரவால போவுது?"

"வீங்குதுல்லா."

பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வாங்கி எப்படி அனுப்புவாய், யாரிடம் கொடுத்துவிடுவாய் என்று கேட்டேன். "அனுப்பல. வீட்டுல வச்சித் தாரேன். கிறிஸ்மஸுக்கு நான் லீவு கேப்பேன், நீங்களும் கேளுங்க" என்றான். டாக்சி வந்து ஹார்ன் அடித்தது. படியிறங்கிப் போய்விட்டான்.

மறுநாளே எங்கள் ஹெட் நர்சிடம் போய் நின்றேன். எகிப்துக்காரி. "டிசம்பர் லீவு மாஃபி, சிஸ்டர்" என்றாள், கிடையாது என்று. எத்தனையோ கிறிஸ்மஸுக்கு மற்றவர்களுக்காக டூட்டி பார்த்திருக்கிறேன், இந்தத் தடவை மட்டும் விட மாட்டேன் என்று அங்கேயே நின்றேன். என் முகத்தைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டாள். அவனுக்கும் கிடைத்துவிட்டதாம், போன ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னான். அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். மோட்டாரைப் பற்றித்தான்.

அலுப்பு தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. அது அப்படியேதான் இருக்கிறது. கால் வீக்கமும் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவன் வருவதற்கு முன்னால் நான் போய்விடுவேன். மோட்டாரைச் சரி பண்ணி, கதவைத் திறந்து வைத்திருப்பேன், பூட்டின கதவு முன்னால் அவனை நிற்க விடமாட்டேன். குழம்பில் புளி கூடவே விடுவேன். இரண்டு பேருமாக உன் கல்லறைக்கு வருவோம், காற்றை அவன் மறைத்துக்கொள்வான்.

அதுவரை சூசம்மா எவ்வளவு திட்டினாலும் வேறு ஷூ வாங்கமாட்டேன் அக்கா. இந்த வெட்டின ஷூவோடுதான் நிற்பேன், இதோடுதான் வீடு வந்து சேருவேன்.

உன் தங்கச்சி, நீ வளர்த்த பிள்ளையின் அம்மா,
ஜெசி