ஆறடித் தொட்டியும் கீழ்வீட்டுத் தொட்டிலும்

என் அன்பு மச்சான் குணாவுக்கு,

எடுத்த எடுப்பிலேயே உன்மேல் கோபப்படுகிறேன், பொறுத்துக்கொள். நீ ஒரு நாயை விட்டுப் போயிருந்தால் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குக் கூட்டிவந்து பால்கனியில் கட்டியிருப்பேன். பூனை என்றால் அதுவே வந்திருக்கும். நீ விட்டுப்போனதோ கடலில் ஒரு துண்டு. அதை நான் நாலாவது மாடியில் எங்கே கொண்டுபோய் வைப்பது?

கிள்ளானில் நீ வாடகைக்கு இருந்த வீட்டை வீட்டுக்காரர் திருப்பிக் கேட்டுவிட்டார். நல்ல மனிதர்தான், நீ கண்மூடிய பிறகும் சில மாதம் பொறுத்திருந்தார். அதுவரை உன் தங்கை மாலா வேலை முடிந்ததும் கொமுட்டர் ரயிலேறி வந்து, உன் மீன்களுக்குத் தீனி போட்டு, உப்புத்தண்ணீர் மாற்றி, பவளங்களுக்கு விளக்கு சரியாக எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவாள். கல்யாணம் ஆகாத அண்ணனுக்கு அதுதான் பிள்ளைகுட்டி என்பாள்.

உன் பழைய தொட்டியை அப்படியே தூக்கி வந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். பின்கண்ணாடியின் அடி ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். துடைத்தால் மறுநாள் மறுபடியும் பூத்தது. தண்ணீர் கசிகிறது மச்சான். காலி செய்து தூக்கினால் கண்ணாடியை ஒட்டிய பசை மொத்தமாக விட்டுவிடும் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். இது உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் எங்களிடம் மறைத்தாயா?

ஆக, புதுத் தொட்டி. பேரங்காடியில் அழகழகாக வைத்திருந்தார்கள், கண்ணாடி மெல்லிசு. கிள்ளானில் ஒரு கடைக்காரர் மலிவாகத் தருகிறேன் என்றார், ஆனால் அடியில் வடிகட்டித் தொட்டி வைக்க இடமில்லை. கடைசியில் தெலுக் பங்லிமா காராங்கில், தொழிற்சாலைகளுக்கு நடுவே, அளவு கொடுத்தால் தொட்டி செய்து தரும் ராஜனின் பட்டறைக்குப் போனோம். உன் பெயரைச் சொன்னதும் சிரித்தான்.

"குணா அண்ணனா? எத்தன தடவ வந்து ஆறடிக்கு அளவு குடுத்தாரு தெரியுமா! ஒரு தடவகூட ஆர்டர் குடுக்கல லா."

அவ்வளவுதான். மாலாவின் மனதில் ஆறடி உட்கார்ந்துவிட்டது.

ராஜன் சொன்ன விலை ஒன்பதாயிரம் வெள்ளி. பச்சைச் சாயல் இல்லாத தெளிவான கண்ணாடி, இரும்புத் தாங்கி எல்லாம் சேர்த்து. நாலடி என்றால் அதில் பாதிகூட வராது. நீ எப்போதும் சொல்வாயே, தொட்டியின் விலையைக் கேட்காதே, அதை ஒரு வருஷம் உயிரோடு வைத்திருக்க என்ன ஆகும் என்று கேள் என்று. கேட்டேன். தண்ணீரைக் குளிராக வைத்திருக்கும் இயந்திரம், விளக்கு, அழுக்கெடுக்கும் கருவி, மாதாமாதம் கரண்டு. என் முகம் போன போக்கைப் பார்த்திருந்தால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

ஆனால் என்னைப் பயமுறுத்தியது காசு இல்லை, எடை. கட்டுமான வேலையில் பாதி ஆயுள் கான்கிரீட்டைப் பார்த்தவன் நான். தண்ணீர், கல், கண்ணாடி, இரும்பு எல்லாம் சேர்ந்தால் ஆறடித் தொட்டி ஒரு காரின் எடை. உனக்குத் தரைவீடு, யானையையே வைத்திருக்கலாம். எங்களுடையது பழைய அடுக்குமாடி. ஹாலில் ஒரு காரை நிறுத்திவிட்டு நான் எப்படித் தூங்குவேன்?

"எல்லாத்துக்கும் பயந்தா எப்படிங்க? எங்கண்ணன் எதையும் சின்னதா செஞ்சதே இல்ல" என்றாள் மாலா.

"உங்கண்ணன் நாலாவது மாடியில இருந்ததும் இல்ல" என்றேன். அன்று எனக்குச் சாப்பாடு மேசைமேல் மூடி இருந்தது, பரிமாற ஆள் இல்லை.

இரண்டு நாள் பேச்சுவார்த்தை கிடையாது. மூன்றாம் நாள் காலை ராஜன் எனக்குப் போன் செய்தான். "அங்கிள், அக்கா ஆறடிக்கு ஓகே சொல்லிட்டாங்க. இன்னிக்குக் கண்ணாடி வெட்டுறேன். ஸ்டாண்டு கறுப்பா வெள்ளையா?"

என்னைக் கேட்காமலே சொல்லியிருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வீசியிருப்பேன், அதுவும் காசாயிற்றே என்று வைத்தேன். கத்தினால் அவள் இன்னும் பிடிவாதம் பிடிப்பாள், உங்கள் குடும்பத்து ரத்தம் எனக்குத் தெரியாதா? அதனால் நாலு ஆப்பிளைப் பையில் போட்டு, "கீழ்வீட்டுப் புள்ளைய இன்னும் பாக்கலியே, வா பாத்துட்டு வரலாம்" என்று கூட்டிப் போனேன்.

எங்கள் வீட்டுக்கு நேர் கீழே செல்வி என்ற பெண் குழந்தை பெற்று அம்மா வீட்டிலிருந்து வந்திருந்தாள். ஹாலில் ஸ்பிரிங் தொட்டில் கட்டியிருந்தார்கள். குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. மாலா குனிந்து அதன் காலைத் தொட்டாள். நிமிரும்போது, தொட்டிலுக்கு நேர் மேலே கூரையில் ஓடிய பழைய விரிசல் அவள் கண்ணில் பட்டது. அந்த இடத்துக்கு மேலேதான் ஆறடிக்கு அவள் டேப் பிடித்து அளந்திருந்தாள்.

"ஆன்டி, காப்பி போடட்டுமா?" என்று செல்வி கேட்டது அவள் காதில் விழவே இல்லை. வாசலுக்கு வந்து போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, ராஜன் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். பட்டறையில் இயந்திரம் ஓடினால் அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது? வெட்டிய கண்ணாடியைத் திருப்பி ஒட்ட முடியாது மச்சான். மாடிப்படியில் நின்று அவள் மறுபடி மறுபடி எண்ணை அழுத்தியதைப் பார்த்தபோது, எனக்கு அதுவரை இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஒருவழியாக எடுத்தான். நாலடியே போதும் என்றாள். "ஐயோ அக்கா, அடிக் கண்ணாடி வெட்டியாச்சே!" பிறகு அவனே, "பரவால்ல லா. ஆறடிய நாலடி ஆக்கலாம். நாலடியத்தான் ஆறடி ஆக்க முடியாது" என்றான்.

மாலா அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். "நாலடியில எல்லாம் கொள்ளாதேங்க. எங்கண்ணன்ல பாதிய எங்க விடுறது?"

அதற்குப் பதில் சொன்னவர் உன் ரவாங் நண்பர் சேகர். செய்தி கேட்டு கிள்ளான் வீட்டுக்கு வந்தார். நீ பல வருஷம் முன்பு அவருக்கு ஊதா நுனிப் பவளத்தில் ஒரு துண்டு ஒடித்துக் கொடுத்தாயாமே.

"குடுக்கும்போது குணா என்ன சொன்னாரு தெரியுமா? வெளியூர் போறப்ப பக்கத்து வீட்டுல சாவி குடுத்து வைப்போம்ல, அதுமாதிரிதான் இது. என் தொட்டி செத்தா நீ எனக்குத் திருப்பிக் குடுக்கணும், உன்னோடது செத்தா நான் தருவேன்னாரு. பவளம் வளக்குற நாங்க எல்லாரும் அப்படித்தான் அக்கா. நாலடியில கொள்ளாதத எங்ககிட்ட குடுங்க, வெச்சிருக்கோம்."

பவளங்களைப் பிரித்துக் கொடுக்க மாலாவே போய் வாளியை எடுத்து வந்தாள்.

நாலடித் தொட்டி இப்போது எங்கள் வீட்டில் உத்தரம் ஓடும் சுவரை ஒட்டி நிற்கிறது. அங்கே இருந்த சாமி மேடையை மாலாவே நகர்த்தினாள். உன் ஆரஞ்சு மீன் ஜோடி முதல் நாளே மூலையைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தது. ஆனால் உன் ஊதா நுனிக்கு இடமாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை. அடியிலிருந்து வெளுக்க ஆரம்பித்தது. விளக்கைக் குறைத்தோம், தண்ணீரைச் சோதித்தோம், தெரிந்தவர்களையெல்லாம் கேட்டோம். வெண்மை ஏறிக்கொண்டே போனது. நீ நகமளவிலிருந்து வளர்த்தது அது. எங்கள் கையில் செத்துவிட்டது மச்சான். உன்னை இரண்டாம் தடவை தூக்கிக் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு.

சனிக்கிழமை சேகர் ரவாங்கிலிருந்து ஒரு ஐஸ் பெட்டியோடு வந்தார். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு துண்டு, நுனியில் அதே ஊதா.

"சாவி கொண்டாந்திருக்கேன் அக்கா" என்றார்.

மாலா அதைக் கல்லில் ஒட்டும்போது சிரித்தாள், அழுதாள், என்னைப் பார்த்து "விளக்க மறைக்காதீங்க, தள்ளுங்க" என்று திட்டவும் செய்தாள். உன் குரல் அப்படியே.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. எல்லாவற்றிலும் ஒரு துண்டு ஒடித்து யாரிடமோ கொடுத்து வைத்தவன் நீ. உனக்கு மட்டும் ஏன் ஒரு சாவியை யாரிடமும் கொடுத்து வைக்கவில்லை?

கைக்காசு செலவழிக்க யோசிப்பவன் நான், உனக்கே தெரியும். ஆனாலும் சொல்கிறேன். இந்தத் துண்டு கிளை விட்டதும் முதல் கிளையை என் கையாலேயே ஒடித்து, கேட்டு வருகிற யாராக இருந்தாலும் கொடுப்பேன். கொடுக்கும்போது உன் பெயரைச் சொல்லித்தான் கொடுப்பேன்.

உன் தங்கையின் வீட்டுக்காரன்,
உன்னோடு சண்டை போட ஆளில்லாமல் தவிக்கும் மச்சான்,
பாலன்